நடந்து போகிற தூரம்

பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாகிவிட்டது. மூன்றாவது முறை இழுத்தால் தன்ஷிகா சிரிப்பாள், அதனால் இழுக்கவில்லை, ஆனாலும் கை அந்தப் பக்கமே போகிறது. மணி எட்டு பதினெட்டு. மாத்திரையை ஆறரைக்கே போட்டாயிற்று. போட்டதைச் சுகந்தி பார்த்தாள், பார்த்த பிறகும் அட்டையைத் திருப்பி எத்தனை மிச்சம் என்று எண்ணினாள், எண்ணிவிட்டு ஏழரை ரயிலுக்குப் போய்விட்டாள். இந்த மாதத்திலிருந்து அவளுடைய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எட்டு மணிக்கே கையெழுத்து, அதனால்தான் இந்த ஏற்பாடு. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மூன்று விஷயம் சொன்னாள். குழந்தை சுவர்ப் பக்கம், நான் ரோட்டுப் பக்கம். சிக்னலில் கூட்டத்தோடுதான் கடக்க வேண்டும், நாமாகப் பாயக் கூடாது. பள்ளிக்கூட கேட்டில் விட்டதும் ஒரு மிஸ்டு கால். நான் விழுந்தால் ரோட்டுப் பக்கம் விழுவேன், குழந்தைமேல் விழ மாட்டேன், அதையும் யோசித்துத்தான் சொல்லியிருப்பாள், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டு வயதுப் பெண்ணை நான்கு தெரு தள்ளிக் கொண்டுபோய் விடுவதற்கு எந்தத் தகப்பனுக்கு இவ்வளவு நிபந்தனை என்று ஒரு கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவள் சொன்னதில் என்ன தப்பு. கடைசியாக வலிப்பு வந்து எட்டு மாதம் ஆகிறது, எட்டு மாதத்தில் இன்றைக்குத்தான் முதல் தடவை குழந்தையை என்னிடம் தனியாக விட்டிருக்கிறாள். இன்றைக்குச் சரியாக நடந்தால் நாளையிலிருந்து இது என் வேலை. நடக்காவிட்டால் வேன் வைக்க வேண்டும், அப்புறம் நான் மறுபடி மாத்திரை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற ஆள். நான்கு தெரு, ஒரு சிக்னல், பதினோரு நிமிடம். மாடிப்படியில் மகள் இறங்குகிற வேகத்தில் நான் இறங்கக் கூடாது, கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்க வேண்டும், இது நாலாவது நிபந்தனை, போன வருஷமே சொன்னது. தன்ஷிகா இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று கைப்பிடிக் கம்பியில் அந்தக் காந்தத்தை ஒட்டிப் பார்க்கிறாள். ஹார்டுவேர் கடை யூசுப் பாய் கொடுத்த காந்தம், பழைய ஸ்பீக்கரிலிருந்து பிரித்தது. அது வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரு சாமானை விடவில்லை, எது இரும்பு எது இரும்பில்லை என்று எங்களுக்குப் பாடம் நடக்கிறது. ஒட்டுது என்கிறாள். சரி வா என்கிறேன்.

தெருவில் கால் வைத்தால் முதலில் வருவது வாசனைதான். சிந்தாதிரிப்பேட்டையில் குடியிருக்கிறேன் என்று சொன்னதும் சொந்தக்காரர்கள் மூக்கைத்தான் தொட்டுக்கொண்டார்கள். கூவம் பக்கத்திலா, மீன் மார்க்கெட் பக்கத்திலா, ஐயோ பாவம் என்றார்கள். உண்மைதான், எல்லாம் இருக்கிறது. காற்று ஆற்றுப் பக்கமிருந்து அடித்தால் ஒரு மாதிரி, மார்க்கெட் பக்கமிருந்து அடித்தால் ஒரு மாதிரி, இடையில் காப்பிக்கொட்டை அரைக்கிற வாசனை, உதிரிபாகக் கடைகளிலிருந்து ரப்பரும் கிரீஸும், யாரோ சாம்பிராணி, யாரோ இட்லி. அவர்களுக்கு நாற்றம் ஒரு தொந்தரவு. எனக்கு இருக்கிற தொந்தரவு வேறு. வலிப்பு வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு வாசனை வரும். பால் அடிப்பிடித்துக் கருகுகிற வாசனை. டாக்டர் விளக்கினார், அது வெளியே இல்லை, மூளை தானாகச் செய்துகொள்கிற வேலை, பக்கத்தில் நிற்பவருக்கு வராது, வந்தால் உங்களுக்கு அரை நிமிடம் இருக்கிறது, உடனே தரையில் உட்கார்ந்துவிடுங்கள் என்றார். பழைய வீட்டில் குழப்பமே கிடையாது. சுற்றிலும் காலி மனை, சிமெண்டு, வேலிக்காத்தான், அங்கே பால் கருகினால் அது என் மண்டைக்குள்தான். இங்கே ஒரு நாளைக்குப் பத்து தடவை ஏதாவது ஒரு அடுப்பில் ஏதாவது ஒன்று கருகுகிறது, பத்து தடவையும் நான் உட்கார இடம் தேடுகிறேன். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் தெரிந்துவிடும், ஏதாவது வாசனை வருதா என்று. ஆனால் இன்றைக்குக் கேட்க முடியாது. அப்பா வாசனை வருதான்னு கேட்டா உடனே உக்கார வை, பக்கத்துக் கடையைப் பார்த்துக் கத்து என்று சுகந்தி இவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நான் கேட்ட மாத்திரத்தில் இவள் கத்துவாள். கத்தினால் பதினோரு நிமிடமும் போயிற்று. ஆகவே வாயை மூடிக்கொண்டு மூச்சை விட்டுக்கொண்டு நடக்க வேண்டும். இப்போது வருவது மீன். இது சந்தேகமில்லாமல் மீன்.

இவள் கை என் கைக்குள் இருக்கிறது, கொஞ்சம் பிசுபிசுப்பாக, தோசைக்குத் தொட்டுக்கொண்ட சர்க்கரை. இந்த மாதிரி இவள் கையைப் பிடித்து நான் பழைய வீட்டில் எங்காவது நடந்திருக்கிறேனா என்று யோசிக்கிறேன். காரிலிருந்து வீட்டு வாசல், கடை வாசலிலிருந்து கார், அவ்வளவுதான். செங்கல்பட்டுப் பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே, ராயல் பசுமை நகர். ராயலும் இல்லை, பசுமையும் இல்லை, நகரும் இல்லை, ஆனால் தெருப் பெயர்ப் பலகை மட்டும் எல்லாத் தெருவுக்கும் உண்டு, வீடு இல்லாத தெருவுக்கும் உண்டு. இவள் பிறந்த வருஷம் கட்டினேன். குழந்தைக்கு நல்ல காற்று என்றேன். காற்று நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்லக் கூடாது. பால் பாக்கெட்டுக்கு ஏழு நிமிடம் கார். கொத்தமல்லிக்கு ஏழு நிமிடம் கார். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், வாரம் முழுக்க என்னென்ன தீர்ந்தது என்று சுகந்தி எழுதிக்கொண்டே வருவாள், ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாகப் போய் வாங்குவோம். நான் சுத்திகரிப்பு இயந்திரக் கம்பெனியில் ஏரியா அதிகாரி, கார்தான் என் நாற்காலி, ஆகவே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டி ஓட்டாத சுகந்திக்கு அந்த வீடு எப்படி இருந்தது என்று நான் கேட்டதும் இல்லை. முதல் வலிப்பு அங்கே, கார் நிறுத்துமிடத்தில், காலை பத்து மணிக்கு. காரை எடுக்க வந்தேன், பால் கருகினது, அடுப்பை அணைக்கவில்லையா என்று நினைத்தேன், அதற்கப்புறம் முகத்தில் வெயில், காதில் எறும்பு, நாக்கில் ரத்தம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழி இருந்தது, நானே ஆசையாக வாங்கி மாட்டிய கேமரா. மறுநாள் போனில் போட்டுப் பார்த்தேன். நாற்பத்தோரு நிமிடம். நான் துள்ளுகிறேன், அடங்குகிறேன், கிடக்கிறேன். வெயில் மெதுவாக என் கால்மேல் ஏறுகிறது. கேட்டுக்கு வெளியே தண்ணீர் கேன் வண்டி வந்து மூன்று தடவை ஹாரன் அடிக்கிறது, யாரும் வரவில்லை என்று போய்விடுகிறது. அந்தப் பையனைச் சொல்லிக் குற்றமில்லை, சுவர் ஆறடி, நான்தான் நாலடியை ஆறடியாக ஏற்றச் சொன்னவன். அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்திருப்பேன். இப்போதும் சில நேரம் கண்ணுக்குள் ஓடுகிறது, ஓடினால் அந்த ஹாரன் மூன்று தடவையும் கேட்டுத்தான் நிற்கும்.

தேய்ப்பு வண்டிக்காரர் ராஜவேலு பெட்டியில் கரியை விசிறிக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், எனக்குப் பின்னால் சுகந்தி வருகிறாளா என்று பார்த்தார், வரவில்லை என்றதும் விசிறியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். இன்னிக்கு அப்பாதான் கூட்டிட்டுப் போறாரு என்று தன்ஷிகா அறிவித்தாள். ராஜவேலு தலையை ஆட்டினார், சிரிக்கவும் இல்லை, கவலைப்படவும் இல்லை, வண்டியின் சக்கரத்தை ஒரு உதை உதைத்துக் கொஞ்சம் ஒதுக்கி எங்களுக்கு வழி விட்டார். இந்த மனுஷன் இந்த இடத்தில்தான் அன்றைக்குக் கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். குடிவந்து இரண்டாவது மாதம். சுகந்தி நாலு பச்சைமிளகாய் வாங்கிவரச் சொன்னாள். நாலே நாலு மிளகாய்க்காக ஒரு மனிதன் வீட்டை விட்டு இறங்கிப் போகலாம் என்பதே எனக்கு அப்போது புதுசு, சந்தோஷமாக இறங்கினேன், பூக்கார கஸ்தூரியின் கூடைக்குப் பக்கத்தில் போய் விழுந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். கஸ்தூரி தன் பெட்டிச் சாவியை என் கையில் திணித்தாளாம். யூசுப் பாய் கடையிலிருந்து பாய்ந்து வந்து கிடங்குச் சாவியை, ஒரு சாண் நீளம் இருக்கும் அது, திணித்தாராம். டீக்கடையிலிருந்து ஒருவர் ஸ்கூட்டர் சாவி. மேல்மாடியிலிருந்து ஒரு அம்மா பீரோச் சாவிக்கொத்தையே வீசினாராம், அது என் நெற்றியில் பட்டதுதான் மிச்சம். ராஜவேலுவிடம் சாவி இல்லை. அவரிடம் இருந்த இரும்பு ஒன்றுதான், அதை நெருப்போடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். யோவ் யோவ் கிட்ட வராதே என்று மொத்தத் தெருவும் கத்தியிருக்கிறது. இந்த இடம் வந்தால் தன்ஷிகா ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து சிரிப்பாள், பெட்டியை உங்க கையில குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்பா என்று கேட்பாள். எனக்கு நினைவு வந்தபோது தலை கஸ்தூரி மடியில் இருந்தது, முகமெல்லாம் தண்ணீர், வலது கை மூடியிருந்தது, திறக்க வரவில்லை. மூடின கைக்குள் அஞ்சாறு வீட்டுச் சாவி. யூசுப் பாய் நடைபாதையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கிடங்கைத் திறக்க முடியாமல் இரண்டு வண்டி சரக்கு ரோட்டில் நிற்கிறது, பின்னால் ஹாரன், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கையைத் திறக்கப் பிரயாசைப்படுவதைப் பார்த்துவிட்டு, "பரவால்ல சார், புடிச்சுக்கிட்டே இருங்க, அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார்.

இரும்பால் ஒன்றும் ஆகாது. டாக்டர் சொன்னார், எனக்கும் தெரியும். அந்த வாரமே சுகந்தி தெரு முழுக்க நடந்து ஒவ்வொரு கடையாக நின்று சொன்னாள், சாவி வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துணி வைத்து, மணியைப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆம்புலன்ஸ். எல்லோரும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டுக் கஸ்தூரி, சரிம்மா, ஒருக்களிச்சுப் போட்டுட்டு அப்பால சாவி குடுக்கலாமா என்றாளாம். சுகந்தி வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது சிரித்தாள், சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்து அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரிந்தது, என் நாற்பத்தோரு நிமிடக் கணக்கு அவளுக்கும் தெரியும். இங்கே வர வேண்டும் என்று சொன்னவள் அவள்தான். நான் சம்மதிக்கவில்லை. எட்டு மாதம் வண்டி ஓட்டாமல், வேலை இல்லாமல், குளியலறைத் தாழ்ப்பாள்களையெல்லாம் அவள் கழற்றிவிட்ட வீட்டில், சாயங்காலம் அவள் வந்து இறங்குகிற ஏழு மணி ஷேர் ஆட்டோச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு கிடந்தவன், அப்போதும் சம்மதிக்கவில்லை. சொந்த வீட்டை விட்டுப் புறாக்கூண்டுக்கு வாடகைக்குப் போகிறாயா என்று அண்ணன் கேட்டார், அதையே நான் அவளிடம் கேட்டேன். கிணற்றுக்கு உறை இறக்கியதை, மாமரம் வைத்ததை எல்லாம் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. "வீடு நல்ல வீடுதாங்க, ஆனா நீங்க விழுந்தா மாமரமா வந்து தூக்கும்" என்று கேட்டாள். மூன்று நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். நாலாம் நாள் காரை விற்க ஆள் வரச் சொன்னேன். வந்தவர் இரண்டாவது சாவி எங்கே என்றார். வீடு முழுக்கத் தேடினோம், மெத்தையைத் தூக்கிப் பார்த்தோம், கிடைக்கவில்லை, தொலைந்துபோய்விட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தச் சாவியைத் தேடின அன்றைக்குத்தான் நான் அழுதேன், சாவிக்காக என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இப்போது யூசுப் பாய் சொல்லி வைத்த உதிரிபாகக் கடையில் சரக்குப் பார்க்கிற வேலை, பத்து மணிக்குப் போனால் போதும், நடந்தால் ஆறு நிமிடம். எனக்கு ஆகாதது எது, ஆகிறது எது என்று உட்கார்ந்து யோசித்தால், ஸ்டியரிங் தவிர மற்றதெல்லாம் ஆகிறது. இதை இவளிடம், சுகந்தியிடம், வாயைத் திறந்து சொன்னதே இல்லை. நன்றி என்று பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது, கல்யாண வீட்டு மைக்கில் சொல்வது போல இருக்கும். ஆனாலும் சொல்ல வேண்டும்.

கஸ்தூரி இன்றைக்குக் கனகாம்பரம் கட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னா பாப்பா, இன்னிக்கு டிரைவர் மாத்திட்டியா என்றாள். தன்ஷிகாவுக்குச் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு முன்னால் யாராவது என்னை டிரைவர் என்று கிண்டல் செய்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். யூசுப் பாய் ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போகப் போனவர், நின்று கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். மூன்று தெரு முடிந்தது, எட்டு இருபத்தாறு. இனி இந்தச் சந்து, சந்து முடிந்தால் சிக்னல், சிக்னலைக் கடந்தால் பள்ளிக்கூடத்தின் மஞ்சள் சுவர் தெரியும். சந்துக்குள் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை, இரண்டு பக்கமும் பழைய வீடுகள், கீழே மூடின கடைகள். இந்தச் சந்தைத்தான் ராத்திரி படுக்கையில் திரும்பத் திரும்ப நடந்து பார்த்தேன். தன்ஷிகா ஏதோ சொல்லிக்கொண்டு வருகிறாள், அவள் வகுப்பில் ஒரு பெண்ணுக்குப் பல் விழுந்ததாம், அந்தப் பல்லை டிபன் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாளாம், காந்தம் ஒட்டுதா என்று பார்த்தோம் ஒட்டலை என்கிறாள், நான் ம் என்கிறேன், பல்லில் இரும்பு இருக்காது என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், அப்போது வந்தது.

பால். அடிப்பிடித்துக் கருகுகிற பால். இல்லை, இது வேறு, இது டயர், இல்லை, பால்தான், கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கசப்பு, தொண்டைக்குள் இறங்குகிறது, கார் நிறுத்துமிடத்தில் வந்ததும் இதுதான், மிளகாய் வாங்கப் போனபோது வந்ததும் இதுதான். அரை நிமிடம். சிக்னல் இருபது அடியில் தெரிகிறது, சிவப்பு, கூட்டம் நிற்கிறது, பச்சை விழுந்தால் எல்லோரோடும் கடந்துவிடலாம், கடந்துவிட்டால் மஞ்சள் சுவர், கேட், வாட்ச்மேன், முடிந்தது. இது வெறும் வாசனையாக இருந்தால்? பத்து தடவையில் ஒன்பது தடவை வெறும் வாசனைதானே. உட்கார்ந்தால் இவளுக்குத் தெரிந்துவிடும், சுகந்திக்குத் தெரிந்துவிடும், நாளைக்கு வேன். கேட்கலாமா, கேட்கக் கூடாது, கேட்டால் கத்துவாள். பொறுத்துக்கொண்டு பத்து எட்டு வைத்தால் போதும். பத்தாவது எட்டில் ரோட்டு நடுவில் விழுந்தால் இவள் கை என் கைக்குள் இருக்கும், மூடின கையை என்னால் திறக்க முடியாது, அன்றைக்கும் முடியவில்லை, பஸ் வரும், நான் கையை விட மாட்டேன். நான் விட மாட்டேன். அதுதான், அதை நினைத்ததும் கால் நின்றுவிட்டது. வேன் வரட்டும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், ஆயுசுக்கும் உட்கார்ந்திருக்கிறேன். இவள் கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்து விட்டேன், மூடின கடைப் படியில் உட்கார்ந்தேன், முதுகைக் கதவில் சாய்த்தேன். "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, சுவர் ஓரமா" என்றேன். குரல் என் குரல் மாதிரி இல்லை. தன்ஷிகா நின்றாள், என்னையே பார்த்தாள், கத்தவில்லை. மூக்கைச் சுருக்கினாள். மேலே அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, யாரோ பாலை வச்சுட்டு மறந்துட்டாங்க. கருகுது."

என்னம்மா சொன்னே என்றேன். பால் கருகுதுப்பா, உனக்கு வரலியா என்று கேட்டாள், கேட்டு வாய் மூடவில்லை, மேல்மாடியில் ஒரு பாத்திரம் டணால் என்று விழுந்தது, ஒரு பெண் குரல் வீட்டிலுள்ள அத்தனை பேரையும் பெயர் சொல்லித் திட்ட ஆரம்பித்தது, ஒரு கண்ணு இருக்கா இந்த வீட்ல, ஒரு மூக்கு இருக்கா என்று. வெளியே இருக்கிறது. வாசனை வெளியே இருக்கிறது, உலகத்தில், அடுப்பில், முகம் தெரியாத ஒரு அம்மாளின் சட்டியில், என் மண்டைக்குள் இல்லை. இவள் மூக்குக்கும் வருகிறது. அரை நிமிடம் ஆகியிருக்கும், ஒரு நிமிடமும் ஆகியிருக்கும், கையை விரித்துப் பார்த்தேன், விரிந்தது, மடக்கினேன், மடங்கியது. நாக்கு கடிபடவில்லை. அந்த அம்மாள் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள், மாடியேறிப் போய் அவள் காலில் விழலாம் போல இருக்கிறது. அம்மா, தாயே, தினமும் இந்த நேரத்துக்குப் பாலை மறந்து வை. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது, செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். தன்ஷிகா என் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டாள், பை முதுகில், முழங்கால் என் முழங்காலைத் தொட. கொஞ்ச நேரம் இருந்துட்டே போலாம்பா, மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கு என்றாள். இவளுக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்படியே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். சிக்னல் ஒரு முறை பச்சையாகி, மறுபடி சிவப்பாகி, மறுபடி பச்சையானபோது எழுந்து கூட்டத்தோடு கடந்தோம். ஒரு பஸ் நின்றது, இரண்டு ஆட்டோ நின்றது, எங்களுக்காக எல்லாம் நின்றது.

கேட்டில் வாட்ச்மேன் இன்னும் சின்னக் கதவை மூடவில்லை. எட்டு முப்பத்தைந்து. பையைச் சரியாக மாட்டிவிட்டேன், போ என்றேன், அவள் போகவில்லை. பையின் பக்கவாட்டு அறையில், தண்ணீர் பாட்டிலுக்குக் கீழே, கையை விட்டுத் துழாவினாள். கையை நீட்டுப்பா என்றாள். நீட்டினேன். உள்ளங்கையில் வைத்து என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள், நான் சற்று முன்னால் இவள் விரல்களைப் பிரித்த மாதிரியே, அதற்கு நேர் எதிராக. "நீ திரும்பிப் போறப்ப தனியாத்தானே போவே. வச்சுக்கோ. இரும்புதான், காந்தம் ஒட்டுது, பாத்துட்டேன்" என்றாள். சாயங்காலம் மறக்காம திருப்பிக் குடுத்துடணும் என்று ஒரு விரலையும் காட்டிவிட்டு ஓடிவிட்டாள், பின்னல் இரண்டும் முதுகில் அடிக்க. கையைத் திறந்து பார்த்தேன். சிவப்பு நூல் கட்டின கார் சாவி. எங்கள் காரின் இரண்டாவது சாவி. மெத்தையைத் தூக்கித் தேடின சாவி. எப்போது எடுத்தாள், எங்கே வைத்திருந்தாள், எத்தனை மாதமாக இந்தப் பையில் என்னோடு தெருவில் வருகிறது. சாவியால் ஒன்றும் ஆகாது என்று இவளுக்குத் தெரியும், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்று சுகந்தியை விட நன்றாக ஒப்பிப்பாள், தெரிந்தும் வைத்திருக்கிறாள். இந்தத் தெருவில் எல்லோரையும் போலத்தான் இவளும்.

மிஸ்டு கால் மறந்தே போய்விட்டது. போன் அதுவாக அடித்தது. சுகந்தி. ஏங்க என்றாள், அதற்கு மேல் கேட்கவில்லை, பின்னால் இயந்திரம் ஓடுகிற சத்தம். விட்டாச்சு, உள்ளே போயிட்டா என்றேன். அத்தோடு வைத்திருக்கலாம். ஆனால் அந்தப் படியில் உட்கார்ந்ததைச் சொல்லாமல் இவளிடம் எதை நான் நன்றி என்று சொல்லப் போகிறேன். சிக்னலுக்கு முன்னாடி வாசனை வந்துது, பயந்துட்டேன், பாப்பா கையை விட்டுட்டு உக்காந்துட்டேன், அப்புறம் பார்த்தா நிஜமாவே யார் வீட்லயோ பால் கருகினது என்றேன். இயந்திரம் மட்டும் ஓடுகிறது. வேன்காரர் நம்பர் இவளிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"ரோட்டுக்கு முன்னாடியே உக்காந்துட்டீங்களா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்போ சரி. சாயந்தரமும் நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள், சட்டென்று வைத்துவிட்டாள், அழுகிற குரலை நான் கேட்டுவிடக் கூடாது என்று வைத்தாள், எனக்குத் தெரியும்.

சொல்ல வேண்டியதை மறுபடியும் சொல்லவில்லை. ராத்திரி சொல்ல வேண்டும், கல்யாண வீட்டு மைக் மாதிரி இருந்தாலும் பரவாயில்லை. இப்போது திரும்பி நடக்கிறேன், தனியாக, வலது கையை மூடிக்கொண்டு. சிக்னல், சந்து, கருகின பால் வாசனை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. யூசுப் பாய் கடையைத் திறந்துவிட்டார், ஷட்டர் முழுதும் மேலே. கஸ்தூரி என்னைப் பார்த்து, இன்னா சார், வுட்டுட்டியா என்றாள். விட்டாச்சு என்றேன். ராஜவேலு விசிறியைத் தூக்கிக் காட்டினார். சாவியின் பல் உள்ளங்கையில் அழுத்துகிறது, நன்றாகவே வலிக்கிறது, பிடியைத் தளர்த்தவில்லை. இதால் இனி எனக்கு எந்த வண்டியும் திறக்காது. மூன்று நாற்பதுக்கு மணி அடிக்கும், அதற்குள் போய் இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், நடந்தே.